முந்திச் சிரிக்கிறவர்

ஜூன் 8, ஞாயிறு

முதலில் கவனித்தது அந்தச் சிரிப்பைத்தான். சமையல்காரச் சிப்பாய் வைத்த சூப்புக்குள் எதிரித் தளபதி கரண்டியை விடுகிறான். கரண்டி இன்னும் மேலே வரவில்லை. அதற்குள் போனில் ஒருவர் சிரித்துவிட்டார். தளபதியின் தொலைந்துபோன கையுறை கரண்டியில் தொங்கிக்கொண்டு வந்தபோது மற்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர் அப்போது சிரித்து முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

என்ன கூட்டம் இது என்று எழுதிவிடுகிறேன். படத்தின் பெயர் 'சுரங்கத்தில் ஆறு பேர்'. பழைய இங்கிலீஷ் சண்டைப் படம், தமிழில் பேச வைத்தது. ஆறு சிப்பாய்கள் பனிமலை ஏறிப் போய் எதிரியின் ரயில் சுரங்கத்தைத் தகர்க்க வேண்டும். ஐந்து பேர் திரும்பி வருவார்கள். அவ்வளவுதான் கதை. இதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் ஞாயிறு மூன்று மணிக்குப் போனில் கூடுகிறது. படத்தை அவரவர் வீட்டில் அவரவரே போட்டுக்கொள்ள வேண்டும். "மூணு, ரெண்டு, ஒண்ணு" என்று சொன்னதும் எல்லாரும் ஒன்றாகப் பொத்தானை அமுக்க வேண்டும். எனக்குப் படம் டிவியில், ஆட்கள் கண்ணாடி விரிசல் விட்ட பழைய போனில்.

எல்லாருக்கும் பதவி உண்டு. தலைவர் பெயர் கர்னல் தேவசகாயம். நாகர்கோவிலில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். தீபாவளிக்கு மத்தாப்பைக்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு கொளுத்துகிற ஆள் மாதிரி இருக்கிறார். இந்தப் படத்தை அதிகம் தடவை பார்த்தவர் என்பதால் கர்னலாம். வேலூர் பர்வீன் டீச்சர் லெப்டினன்ட். நடிகர் வாயைத் திறக்கும் முன்பே வசனத்தை டைப் செய்து அனுப்பிவிடுவார். மகேந்திரன் என்று ஒருவர். படத்தில் ஒரே ஒரு டாங்கி வருகிறது. அது அந்தக் காலத்து டாங்கி இல்லை என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாராம். ஒவ்வொரு தடவையும் மற்றவர்கள் "அப்படியா" என்பார்களாம்.

நான் பெயர் போட வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். கேமராவும் மைக்கும் திறப்பதில்லை. கர்னல் என்னைப் "புள்ளி சார்" என்கிறார். சாராகவே இருந்துகொள்கிறேன்.

முந்திச் சிரித்தவருக்காக கர்னல் படத்தையே நிறுத்திவிட்டார். "மேஜர் சார், உங்க படம் முந்தி ஓடுது. எல்லாரும் நிப்பாட்டுங்க, சூப்பு வைக்கிற இடத்துலேருந்து திருப்பிப் போடுவோம்." எல்லாரும் நிறுத்தினோம். மூணு, ரெண்டு, ஒண்ணு. மறுபடியும் அவர்தான் முதலில் சிரித்தார். மறுபடி நிறுத்தினோம். மூன்றாம் தடவையும் அப்படியே. பிளேயரைக் கழற்றித் துடைக்கச் சொல்லி மகேந்திரன் யோசனை சொன்னார். மேஜர் என்பவர் கேமராவைத் திறக்காமலேயே, "சரி சார், பாத்துக்கிடுதேன்" என்றார்.

படித்தவர்கள் இத்தனை பேர். ஒருவருக்கும் புரியவில்லை. படம் முந்தி ஓடவில்லை. அந்த ஆள்தான் முந்திச் சிரிக்கிறார். எங்கள் வீட்டில் இதே டிவிக்கு முன்னால் இதே சூப்புக்கு அப்படித்தான் சிரிப்பார். நான் அவர் முகத்தைப் பார்த்துத்தான் சிரிப்பேன், படத்தைப் பார்த்து இல்லை.

அது அப்பா.

ஜூன் 9, திங்கள்

அம்மாவிடம் சொல்லவில்லை. உளுந்து ஊறப் போட்டேன். நாலாம் தெரு கடைக்கு மாவுப் பாக்கெட் கூடுதலாகக் கேட்டிருக்கிறார்கள்.

ஜூன் 12, வியாழன்

அந்தக் கூட்டத்தில் நான் சேர்ந்தது சிரிக்கத்தான். வேறு ஒன்றுக்கும் இல்லை. சும்மா போனில் படத்தின் பெயரைப் போட்டுத் தேடினேன், வந்தது. எதற்கு அந்தப் பெயரைப் போட்டேன் என்று கேட்டால் சும்மாதான்.

அப்பா ஓசூருக்கு வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகப் போகிறது. ஒரு மாதம் என்று சொல்லிவிட்டுப் போனார். முதலில் போன் வந்தது. பிறகு நம்பர் மாறிவிட்டது. அவரை அங்கே ஒரு வீட்டு வாசலில் சட்டை இல்லாமல் பேப்பர் படித்துக்கொண்டு பார்த்ததாகப் பெரியப்பா வந்து சொன்னார். சட்டை இல்லாமல் உட்கார்ந்தால் அது சொந்த வீடுதான் என்றார். அம்மா அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அவர் போனதும் கிரைண்டரைப் போட்டாள்.

ஜூன் 15, ஞாயிறு

போன வாரம் அந்தச் சிரிப்போடு போனை மூடிவிட்டேன், இன்றைக்குத்தான் இந்தக் கூட்டத்தின் பெரிய சடங்கைப் பார்த்தேன். கடைசியில் சுரங்கத்துக்குள் வெடியைப் பற்றவைக்க ஒருவன் இருக்க வேண்டும். சார்ஜன்ட் மற்ற ஐந்து பேரையும் வெளியே தள்ளிவிடுவான். "நீங்க முன்னாடி போங்க. நான் பின்னாடியே வந்துடுறேன்" என்பான். வர மாட்டான். இந்த இடம் வந்ததும் எல்லாரும் டிவி சத்தத்தைக் குறைத்துவிட வேண்டும். வாரம் ஒருவர் சார்ஜன்டுக்குப் பதிலாக அந்த வசனத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் எழுந்து நின்று சல்யூட் வைக்க வேண்டும். பிறகு ஒரு நிமிஷம் எல்லா மைக்கையும் மூடிவிட்டு மௌனம்.

கர்னல் லுங்கியோடு எழுந்து நின்று சல்யூட் வைத்தார். பர்வீன் டீச்சர் கண்ணைத் துடைத்தார். நான் முறுக்குத் தின்றுகொண்டு பார்த்தேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனவனுக்கு இத்தனை மரியாதை. அந்த ஐந்து பேரில் ஒருவனிடமாவது அது எப்படி இருந்தது என்று இவர்கள் கேட்டிருக்கிறார்களா?

பஸ் ஸ்டாண்டில் அப்பாவும் அதைத்தான் சொன்னார். ஓசூர் பஸ்ஸில் ஏறி ஜன்னல் வழியாக, சார்ஜன்ட் குரலில். "நீங்க முன்னாடி போங்க." நானும் அம்மாவும் வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்பதால் அது பொருத்தமாகவும் இருந்தது. நான் சிரித்தேன்.

இன்னொன்று. இந்தப் படம் தியேட்டரில் ஓடிய காலத்தில் இடைவேளை விட்ட இடத்தில் இவர்களும் இடைவேளை விடுகிறார்கள். எல்லாரும் எதையாவது கொறிக்க வேண்டும், பேச வேண்டும். கர்னல் மேஜரிடம் தனியாகத்தான் பார்க்கிறீர்களா என்று கேட்டார். அப்பா சொன்னார்: "இல்ல சார், மக பக்கத்துலதான் இருக்கா. அவளுக்கும் இந்தப் படம்னா உசுரு. பிளஸ் டூ படிக்கா. நல்லாப் படிப்பா."

பாப்பாவிடம் போனைக் கொடுங்கள் என்றார்கள். "கூச்சப்படுவா" என்றார்.

அது ஒன்றுதான் உண்மை.

ஜூன் 16, திங்கள்

கிரைண்டரைக் கழுவும்போது தண்ணீர் மேலெல்லாம் தெறித்தது. மாற்றிக்கொள்ளாமல் அப்படியே இருந்தேன்.

ஜூன் 18, புதன்

பிளஸ் டூ படிக்கிறேனாம்.

நான் பத்தாவதோடு நின்றேன். யாரும் நிறுத்தவில்லை. பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த முதல் நாள் டீச்சர் ஒவ்வொருவரையாக எழுப்பிப் பெயர் என்ன, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். நான் கடைசி பெஞ்சுக்கு முந்தின பெஞ்சு. எனக்கு முன்னால் எல்லாரும் சொன்னார்கள், உப்பளம், துறைமுகம், பலசரக்குக் கடை. என் முறை வந்தது. எழுந்து நின்றேன். பெயரே வரவில்லை. "பேச்சின்னு பேரை வச்சுக்கிட்டு ஒரு வார்த்தை பேச மாட்டேங்கியே" என்றார் டீச்சர். வகுப்பே சிரித்தது. அவர் நல்லவர்தான், உட்காரச் சொல்லிவிட்டார். மறுநாள் அம்மாவுக்கு மாவாட்ட ஆள் வேண்டும் என்று நானே சொன்னேன். அம்மா ஒரு வாரம் திட்டினாள். பிறகு அரிசி எவ்வளவு, உளுந்து எவ்வளவு என்று சொல்லிக் கொடுத்தாள்.

ஒரு செய்தியை டைப் செய்து வைத்திருக்கிறேன். "மேஜருக்குப் பக்கத்தில் மகள் இல்லை. அவர் மகளை விட்டுவிட்டு ஓடிப்போனவர்." கூட்டத்தில் எல்லாருக்கும் போகும். இன்னும் அனுப்பவில்லை. கர்னல் சல்யூட்டுக்கு எழுந்து நிற்கிற நேரமாகப் பார்த்து அனுப்ப வேண்டும். லுங்கி அவிழட்டும்.

ஜூன் 22, ஞாயிறு

இடைவேளையில் கர்னல் ஒரு பெரிய அறிவிப்பு செய்தார். ஜூலை ஆறாம் தேதி நூறாவது காட்சி. அன்றைக்குச் சார்ஜன்ட் வசனத்தைப் புதிய தலைமுறை சொல்ல வேண்டுமாம். இந்தப் பட்டாளத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கிறவர் மேஜர் ஒருவர்தானாம். மற்றவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் புத்தியுள்ளவர்கள் போல, எழுந்து ஓடிவிடுகிறார்கள். ஆகவே மேஜர் மகள்தான் சொல்ல வேண்டும். பர்வீன் டீச்சர் கைதட்டுகிற பொம்மைகளாக அனுப்பினார். மகேந்திரன், "பாப்பா மிலிட்டரில சேரட்டும், டாங்கிய நான் சொல்லித் தாரேன்" என்றார்.

அப்பா உடனே ஒத்துக்கொண்டார். யோசிக்கக்கூட இல்லை. "சொல்லச் சொல்லுதேன் சார். நல்லாச் சொல்லுவா, வசனம் பூரா மனப்பாடம்" என்றார். எங்கிருந்து ஒரு மகளைக் கொண்டுவரப் போகிறார்? வாடகைக்குக் கிடைக்குமா? ஓசூரில் கிடைக்கலாம்.

அந்தக் கோபத்திலேயே எழுந்து போய் இரண்டாம் ஈடு அரிசியைக் கிரைண்டரில் போட்டேன். ஓட விட்டுவிட்டுத் திரும்பி வந்தால் கர்னல் கத்திக்கொண்டிருக்கிறார். யாருடைய மைக்கோ திறந்திருக்கிறது, என்ன சத்தம் இது, ரயில் வருகிறதா என்று. என் மைக்தான். செய்தியைப் பார்க்கப் போனபோது கை பட்டிருக்கிறது. விரிந்த கண்ணாடியில் தொடுகிற இடம் ஒன்று, வேலை செய்கிற இடம் ஒன்று.

எங்கள் கிரைண்டரின் சத்தம் மற்ற கிரைண்டர் மாதிரி இருக்காது. பழையதாக வாங்கியது. ஒரு கால் ஆடும். அப்பாதான் ஒரு கட்டையைச் செதுக்கி, சைக்கிள் டியூப் சுற்றி அடியில் கொடுத்தார். அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் கடக் என்று ஒரு அடி, அடுத்து ஒரு கிறீச். ஓசூருக்குப் போவதற்கு முந்தின வாரம் செய்தது. "இனி இது அசையாது" என்றார்.

மைக்கை மூடினேன். கர்னல், "நன்றி புள்ளி சார்" என்றார். சார் வீட்டில் ரயில் ஓடுகிறது என்று மகேந்திரன் கிண்டல் செய்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

அப்பா சிரிக்கவில்லை. முந்தியும் இல்லை, பிந்தியும் இல்லை. அதற்குப் பிறகு படம் முடிகிற வரை போன் திரையில் அவருடைய கறுப்பு ஜன்னலில் இருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

ஜூன் 23, திங்கள்

எனக்கு என்ன பயம்? பயப்பட வேண்டியவர் அவர்.

ஜூன் 25, புதன்

போன் இரண்டு தடவை அடித்தது. ஒன்று பெருமாள் கோயில் தெரு டீச்சர் வீடு, தோசை மாவு கேட்டு. ஒன்று ராங் நம்பர். ராங் நம்பர் ஆள் பேசினார். பேசினார் என்றால் அது அப்பா இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

அவர் வர மாட்டார் என்று நினைத்தேன். ஓடுவது அவருக்குப் புதிதில்லை. வந்திருந்தார். மூன்று மணிக்கு முன்பே வந்து அந்தக் கறுப்பு ஜன்னல் காத்திருந்தது.

சூப்புக் கட்டம் வந்தது. தளபதி கரண்டியை விட்டான். நான் போனைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். கரண்டி மேலே வந்தது, கையுறை வந்தது, எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவே இல்லை.

கர்னலுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "மேஜர் சார், பிளேயர் சரியாயிட்டு போலயே" என்றார். நான் சொன்ன யோசனைதான் என்று மகேந்திரன் பெருமைப்பட்டுக்கொண்டார். இந்த மடையர்களோடு எப்படி மூன்று வாரம் உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை.

பாப்பா தயாராகிறாளா என்று கேட்டதற்கு அப்பா, "பாப்போம் சார்" என்றார். போன வாரக் குரல் இல்லை.

அம்மா கடைகளுக்கு மாவு போட்டுவிட்டுச் சீக்கிரமே, சூப்புக் கட்டத்திலேயே வந்துவிட்டிருந்தாள். எப்போது வந்து என் பின்னால் நின்றாள் என்று தெரியாது. திரும்பினால் வாசற்படியில் காலி வாளியோடு நிற்கிறாள். டிவியில் தளபதி கையுறையைப் பிழிந்துகொண்டிருக்கிறான், போனில் எல்லாரும் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அம்மா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றாள்.

"ஏட்டி, ஒரு சிரிப்பு கொறையுதே" என்றாள்.

எதைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. வாளியை வைத்துவிட்டுத் துவைக்கப் போய்விட்டாள்.

ஜூலை 3, வியாழன்

மழை. துணி காயவில்லை. அந்தச் செய்தியைத் திரும்பப் படித்தேன். "ஓடிப்போனவர்" என்பதை எடுத்துவிட்டு "பொய் சொல்கிறவர்" என்று போட்டேன். பிறகு பழையபடியே மாற்றினேன். இரண்டும் உண்மைதான்.

ஜூலை 5, சனி

நான் கூட்டம் பார்க்கிற பழைய போனை அம்மா சார்ஜில் போட்டிருக்கிறாள். அதை அவள் தொடுவதே இல்லை. எதற்கு என்று தெரியவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

அம்மா வழக்கத்துக்கு முன்பே கிளம்பினாள். இரண்டாம் ஈடும் காலையிலேயே ஆட்டி முடித்துக் கிரைண்டரைக் கழுவித் துடைத்தாகிவிட்டது. மதியம் எனக்கு வேலை ஒன்றும் வைக்கவில்லை. "வர நேரமாகும்" என்று மட்டும் சொன்னாள்.

கூட்டத்தில் ஒரே கொண்டாட்டம். கர்னல் இன்றைக்கு லுங்கியை விட்டுப் பேண்ட் போட்டிருந்தார், நெஞ்சில் பழைய பள்ளிக்கூட ஓட்டப் பந்தய மெடல் ஒன்று. பர்வீன் டீச்சர் கேக் வெட்டி ஒரு துண்டைக் கேமராவுக்கு ஊட்டினார். மகேந்திரன் டாங்கியைப் பற்றிச் சொன்னார். நான் செய்தியைத் திறந்து அனுப்புகிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டேன். கண்ணாடி விரியாத மூலை அது. தவறாது.

சூப்புக் கட்டம் போனது. ஒன்றும் இல்லை.

சுரங்கம் வந்தது. ஐந்து பேரும் ஓடினார்கள். சார்ஜன்ட் திரும்பி நின்றான். எல்லாரும் டிவி சத்தத்தைக் குறைத்தோம். கர்னல் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மேஜர் சார், பாப்பா ரெடியா?" என்றார்.

மறுபடி கேட்டார்.

"பாப்பா இங்க இல்ல சார்" என்றார் அப்பா.

டியூஷனா என்று யாரோ கேட்டார்கள்.

"இல்ல. எங்கூடயே இல்ல. பேச்சி இந்நேரம் மாவாட்டிக்கிட்டு இருப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். பிளஸ் டூ பிள்ளையை மேஜர் ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்குகிறார் என்றார் மகேந்திரன். பர்வீன் டீச்சர் சிரிக்கிற பொம்மை நாலைந்து அனுப்பினார். அப்பா எதுவும் திருத்தவில்லை. அவர் அதை இவர்களுக்காகச் சொல்லவும் இல்லை.

படம் ஓடிக்கொண்டிருந்தது, சார்ஜன்ட் வாயைத் திறக்கப் போகிறான். கர்னலுக்குப் பதற்றம். "அப்ப வசனத்த நீங்களே சொல்லிருங்க, சீக்கிரம்" என்றார். அப்பா சொன்னார்.

"நீங்க முன்னாடி போங்க."

மீதியைச் சொல்லவில்லை. சார்ஜன்டின் வாய் அசைந்து முடிந்தது. கர்னல் காத்துக்கொண்டே இருந்தார். "மேஜர் சார், பாதியில கட்டாயிட்டு, டவர் இல்ல போல" என்றார். டவர் எல்லாம் இருந்தது. அந்தக் கறுப்பு ஜன்னலுக்குள் அவர் மூக்கை உறிஞ்சுவது எனக்குக் கேட்டது.

கர்னல் வேறு வழியில்லாமல் சல்யூட் வைத்தார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். மைக்குகள் ஒவ்வொன்றாக மூடின. மௌனம் தொடங்கியது.

விரல் அங்கேயே இருந்தது. எடுத்தேன்.

போனைக் கொண்டுபோய்க் கிரைண்டர் பக்கத்தில் வைத்தேன். உள்ளே போட அரிசி இல்லை. ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன். மைக்கைத் திறந்தேன். ஸ்விட்சைப் போட்டேன்.